போர் பாடகர்களைத் தின்றது... மிஞ்சிய ஒன்றிரண்டு குரல்களில் இசையைக் காப்பாற்றினார் ஹைன்ரிக் ஷூட்ஸ்!

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்து, வீட்டில் எல்லோரும் அவரவர் போனில் மூழ்கிய பிறகு, ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். யூடியூபில் ஹைன்ரிக் ஷூட்ஸ் என்று தேடுங்கள். 1619-ல் அவர் வெளியிட்ட தாவீதின் சங்கீதங்கள் தொகுப்பிலிருந்து ஏதாவது ஒன்றை, போன் ஸ்பீக்கரிலேயே ஓடவிடுங்கள்.

முதல் நிமிஷத்தில் ஒரே இரைச்சலாகத்தான் தெரியும். ஏகப்பட்ட பேர் ஒரே நேரத்தில் பாடுவார்கள். பின்னால் ஊதுகருவிகள் முழங்கும். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், எது எங்கிருந்து வருகிறது, ஒன்றும் பிடிபடாது. நமக்கும் இதுக்கும் ஒத்துவராது என்று மூடிவிடத் தோன்றும்.

மூடாதீங்க! அதே மனிதர் 1636-ல் வெளியிட்ட சிறிய ஆன்மிகக் கச்சேரிகள் என்ற தொகுப்பின் முதல் பாட்டை எடுங்கள். இந்த முறை இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குரல். அதைத் தாங்கிப் பிடித்தபடி அடியில் ஓர் ஆர்கன். சீக்கிரம் வந்து காப்பாற்றும்படி கடவுளையே அவசரப்படுத்தும் 70-ஆம் சங்கீதம்தான் பாட்டு. பாடுகிறவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டா பேச்சா என்று தெரியாத குரலில் மன்றாடுவது போலிருக்கும்.

இரண்டையும் எழுதியது ஒரே கை. நடுவில் 17 வருஷம். அந்த 17 வருஷத்தில் அந்தக் கைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், ஷூட்ஸின் எந்தப் பாட்டை நேரில் கேட்க வேண்டும், எதை இயர்போனில் கேட்க வேண்டும் என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

சத்திரத்தில் பாடிய பையன்

மேற்கத்திய இசை என்றதும் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பாஹ், மொசார்ட், பீத்தோவன். பாஹ் பிறந்தது 1685-ல். அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1585 அக்டோபரில், ஜெர்மனியின் கோஸ்ட்ரிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஷூட்ஸ். பரோக் என்று இன்று சொல்லப்படும் இசைக்காலம், ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை. அதன் வாசலில் நின்றவர் இவர்.

அப்பா சத்திரம் நடத்தியவர். ஷூட்ஸுக்கு ஐந்து வயது ஆனபோது குடும்பம் வைசன்ஃபெல்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனது. அங்கேயும் சத்திரம்தான். 1598-ல் அந்தச் சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்க வந்தார் ஹெஸ்ஸே-காசெல் பகுதியின் ஆட்சியாளர் மோரிட்ஸ். அவரே இசை எழுதத் தெரிந்தவர். சத்திரக்காரர் மகன் பாடுவதைக் கேட்டார். பையனை என்னோடு அனுப்புங்கள், படிக்கவும் வைக்கிறேன், பாடவும் வைக்கிறேன் என்று கேட்டார்.

அப்பா, அம்மா உடனே சம்மதிக்கவில்லை. எந்தப் பெற்றோர்தான் சம்மதிப்பார்கள்? மோரிட்ஸ் விடவில்லை. அடுத்த வருஷம், 1599-ல், பையன் காசெல் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தான். பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடினான். பல மொழிகள் படித்தான். குரல் உடைந்ததும் பாட்டு நின்றது. குடும்பத்தின் விருப்பப்படி 1608-ல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனான். வக்கீல் ஆகிவிடுவான் என்று வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

மோரிட்ஸ் மறுபடி குறுக்கே வந்தார். வெனிஸில் ஜொவானி கப்ரியேலி என்று ஒரு மேதை இருக்கிறார், வயதாகிவிட்டது, அவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கற்றுக்கொள், செலவு என்னுடையது என்றார். 1609-ல் 24 வயது சட்ட மாணவன் வெனிஸுக்குக் கிளம்பினான்.

இசைக்குத் திசை உண்டு

வெனிஸில் சான் மார்கோ பேராலயம். உள்ளே எதிரெதிராக உயரமான மாடங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்கன். கப்ரியேலி அங்கே ஆர்கன் வாசித்தவர். பாடகர்களையும் கருவிகளையும் குழு குழுவாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் நிறுத்துவது அந்த ஊர் வழக்கம். இந்தப் பக்கம் ஒரு குழு ஒரு வரியைப் பாடும். அந்தப் பக்கத்துக் குழு அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். முடிவில் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது, நடுவில் நிற்கிறவருக்குக் கட்டடமே பாடுவது போலிருக்கும்.

கோயில் பிராகாரத்தில் நாகஸ்வரம் கேட்டிருப்பீர்கள். தூரத்தில் கேட்பது, தூணுக்குப் பின்னால் கேட்பது, நேரே முன்னால் வந்து கேட்பது, மூன்றும் வேறு வேறு அல்லவா? அந்த வித்தியாசத்தையே மூலதனமாக வைத்து இசை எழுதியவர்கள் வெனிஸ்காரர்கள். எந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் அவர்களுக்கு இசையின் ஒரு பகுதி.

இரண்டு வருஷம் என்று போனவர் ஏறக்குறைய நான்கு வருஷம் தங்கிவிட்டார். 1611-ல் முதல் புத்தகம் அச்சாகி வந்தது. இத்தாலிய மொழியில் எழுதிய மாட்ரிகல் பாடல்கள். 1612-ல் கப்ரியேலி இறந்தார். தன் மோதிரங்களில் ஒன்றை இந்த ஜெர்மன் சீடனுக்கு விட்டுப்போனார். ஷூட்ஸ் பிற்காலத்தில் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்தார், மான்டிவெர்டியையே சந்திக்கும் வாய்ப்பும் வந்தது. ஆனாலும் ஆசிரியர் என்று அவர் சொன்னது கப்ரியேலி ஒருவரைத்தான்.

கடன் கொடுத்தால் திரும்பாது

1613-ல் ஊர் திரும்பியவர் மோரிட்ஸ் அரண்மனையில் ஆர்கன் வாசித்தார். அடுத்த வருஷமே சாக்சனியின் ஆட்சியாளர் யோஹான் கேயோர்க் தன் மகனின் ஞானஸ்நான விழாவுக்கு ஷூட்ஸைக் கொஞ்ச நாள் கடன் கேட்டார். மோரிட்ஸ் கொடுத்தார். 1615-ல் இரண்டு வருஷத்துக்கு மறுபடி கடன். அதன் பிறகு ஷூட்ஸ் திரும்பவே இல்லை. மோரிட்ஸ் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். எதிரில் இருப்பவர் தன்னைவிடப் பெரிய ஆள், என்ன செய்ய முடியும்? டிரெஸ்டன் அரண்மனையின் இசைத் தலைமைப் பொறுப்பு ஷூட்ஸுக்கு வந்து சேர்ந்தது. சாகும்வரை அந்தப் பதவி அவரை விடவில்லை, பல வருஷம் அவர் கெஞ்சியும்கூட.

1619 ஜூன் 1. அன்றுதான் மக்தலேனா வில்டெக்குடன் அவருக்குக் கல்யாணம். தாவீதின் சங்கீதங்கள் புத்தகத்தின் சமர்ப்பணத்திலும் அதே தேதிதான். கல்யாண நாளும் புத்தக நாளும் ஒன்று! பைபிளின் சங்கீதப் பாடல்களை எடுத்துக்கொண்டு 26 படைப்புகள். இரண்டு, மூன்று, நான்கு குழுக்கள், கூடவே கருவிகள். வெனிஸில் கேட்டதை அப்படியே ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார். கையில் பணம் இருக்கிறது, பாடகர்கள் இருக்கிறார்கள், வீட்டில் புது மனைவி. 33 வயது மனிதனின் முழு நெஞ்சு அந்த இசையில் கேட்கும்.

உங்கள் போன் ஸ்பீக்கரில் இது ஏன் இரைச்சலானது என்று இப்போது தெரிகிறதா? நாலா பக்கமும் நின்று பாட வேண்டியவர்களை ஒரு பொத்தான் அளவு துளைக்குள் அடைத்துவிட்டோம். எதிரெதிரே நின்று பேசிக்கொள்ள வேண்டிய குழுக்கள் ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி நிற்கிறார்கள். இயர்போன் போட்டால் இடம், வலம் என்று இரண்டு திசையாவது கிடைக்கும். முழுசாகக் கிடைப்பது கல் கட்டடத்துக்குள் நேரில் நிற்கும்போதுதான்.

ஆறு வருஷ வாழ்க்கை

மக்தலேனாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அன்னா யுஸ்டினா, யூஃப்ரோசினே. 1625 செப்டம்பரில் மக்தலேனா இறந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம்தான். ஷூட்ஸுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கியது. இன்னும் 47 வருஷம் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தத் துக்கத்தில் பெரிய படைப்பு எதையும் அவர் தேடிப் போகவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் சாதாரண மக்கள் பாடக்கூடிய எளிய சங்கீதப் பாட்டுகளுக்கு மெட்டமைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலைதான் தனக்கு ஆறுதல் தந்தது என்பதை 1628-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். நடுவில் 1627-ல் டோர்காவ் நகரில் ஒரு ராஜ கல்யாணத்துக்காக டாஃப்னே என்ற இசை நாடகத்தையும் எழுதினார். ஜெர்மன் மொழியின் முதல் ஓபரா என்று அதைச் சொல்வார்கள். அதன் இசை ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

1628-ல் மறுபடி வெனிஸ். அவர் இளைஞனாகப் பார்த்த ஊரில் இப்போது மான்டிவெர்டியின் காலம். ஒரு குரல் ஒரு கதாபாத்திரத்தின் வலியை நேரடியாகச் சொல்லும் புது வகை இசை அங்கே வளர்ந்திருந்தது. அடுத்த வருஷம் அங்கேயே அச்சான தொகுப்பில் ஒரு பாட்டு, தாவீது ராஜா தன் மகன் அப்சலோமின் சாவுக்கு அழுவது. ஒரு கனத்த ஆண் குரல், நான்கு டிராம்போன்கள். அவ்வளவுதான். ஒரு அப்பா ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரிந்துவிடும். ராத்திரி தனியாக, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய பாட்டு.

வரிசையாகக் காலியான இடங்கள்

ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் 1618-லேயே தொடங்கிவிட்டது. சாக்சனி நேரடியாகக் களத்தில் சிக்கியது 1631-ல். படைகள் வந்தன, பின்னாலேயே கொள்ளைநோயும் வந்தது. கருவூலத்தில் இருந்த காசெல்லாம் பீரங்கிக்குப் போனது. பாட்டுக்காரர்களுக்குச் சம்பளம் ஏது? மாதக்கணக்கில் பாக்கி. சிலர் செத்தார்கள், சிலர் வேறு ஊர் தேடிப் போனார்கள். ஒரு காலத்தில் நாலா திசையிலும் நிற்க ஆள் இருந்த டிரெஸ்டன் குழு, கைவிரல் விட்டு எண்ணிவிடும் அளவுக்குச் சுருங்கியது.

வீட்டிலும் அதே கதைதான். 1631-ல் அப்பா போனார். 1635-ல் அம்மா. 1637-ல் தம்பி கேயோர்க். 1638-ல் மூத்த மகள் அன்னா யுஸ்டினா. அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இந்த நிலையில் ஒரு இசையமைப்பாளர் என்ன செய்வார்? பெரிதாக எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். எழுதுவதையே நிறுத்தலாம். ஷூட்ஸ் ஆட்களை எண்ணிப் பார்த்தார். ஒருவர் இருக்கிறாரா, ஒருவருக்கு எழுது. இரண்டு பேரா, இரண்டு பேருக்கு எழுது. அதிகம் போனால் ஐந்து. வாத்தியத்துக்கு ஓர் ஆர்கன் போதும். இப்படி 1636-லும் 1639-லும் இரண்டு பாகங்களாக வந்ததுதான் சிறிய ஆன்மிகக் கச்சேரிகள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். போர் வந்து இசை எவ்வளவு கீழே போய்விட்டது என்று முதல் பாகத்திலேயே வருத்தப்பட்டுவிட்டு, கடவுள் கொடுத்த திறமை சும்மா கிடந்து வீணாகக் கூடாது என்பதற்காகவே இந்தச் சின்ன வேலை என்ற பொருளில் எழுதுகிறார்.

சின்ன வேலையாம்! ஆளில்லாத குறையைச் சமாளிக்க எழுதியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் ஒளிந்துகொள்ள அங்கே யாருக்கும் இடமில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம்கூட இசையோடு சேர்ந்துவிடுகிறது. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் போகும்போது, இருபது பேர் பாடும்போது வராத ஒரு நெருக்கம் வருகிறது.

பஸ்ஸிலும் ரயிலிலும் இயர்போனோடு போகிற நமக்கென்றே எழுதியது போலிருக்கும். நாலு குழுவை அடைக்க முடியாத அந்தத் துளைக்குள் ஒற்றைக் குரல் எவ்வளவு அழகாகப் பொருந்திவிடுகிறது பாருங்கள்!

நம்ம தரங்கம்பாடி ராஜா

போருக்கு நடுவே ஷூட்ஸ் ஊரைவிட்டு வெளியே போய்த் தப்பித்தது டென்மார்க்குக்கு. 1633 முதல் 1635 வரை ஒரு முறை, 1642 முதல் 1644 வரை மறுமுறை, கோபன்ஹேகனில் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியானிடம் வேலை. 1634-ல் டென்மார்க் இளவரசருக்கும் சாக்சனி இளவரசிக்கும் நடந்த கல்யாணத்துக்கு இசை ஏற்பாடெல்லாம் இவர் பொறுப்புதான்.

நான்காம் கிறிஸ்டியான்... எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, 1620-ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கால் ஊன்றியது இந்த ராஜாவின் ஆட்சியில்தான். கடற்கரையில் இன்றும் நிற்கும் டேனிஷ் கோட்டை அவர் காலத்தில் எழுந்தது. 1706-ல் அதே தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, தமிழ் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்கு பிறந்ததும் சாக்சனியில்தான். ஷூட்ஸ் இறந்து பத்து வருஷம் கழித்து, டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊரான புல்ஸ்னிட்ஸில். உலகம் சின்னதுதான் இல்லையா?

சவப்பெட்டியில் எழுதிய பாட்டு

ஷூட்ஸை நேரில் கேட்கும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும் என்றால், நான் கைகாட்டுவது 1636-ல் எழுதிய இசை இறுதிச்சடங்கு என்ற படைப்பைத்தான்.

ஷூட்ஸ் பிறந்த கோஸ்ட்ரிட்ஸ், ஹைன்ரிக் போஸ்துமுஸ் ராய்ஸ் என்ற பிரபுவின் ஆட்சிக்குள் இருந்தது. அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே தன் சவப்பெட்டியைச் செய்து வைத்துக்கொண்டார். அதன் மேலும் பக்கங்களிலும் எந்தெந்த பைபிள் வசனங்கள், எந்தெந்தப் பாட்டு வரிகள் வர வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார். 1635 டிசம்பரில் இறந்தார். 1636 பிப்ரவரி 4-ல் கேரா நகரில் அடக்கம். பெட்டியில் இருந்த அந்த வாசகங்களையே பாட்டு வரிகளாக எடுத்துக்கொண்டு ஷூட்ஸ் இசையமைத்தார்.

மூன்று பகுதிகள். மூன்றாவதுதான் உச்சம். முதல் குழு ஆர்கன் பக்கத்தில் நின்று, நிம்மதியாக விடைபெற அனுமதி கேட்கும் முதியவர் சிமியோனின் பாட்டைப் பாடுகிறது. தாழ்ந்த, கனத்த குரல்கள். அதே நேரத்தில் எங்கோ தூரத்திலிருந்து மூன்றே மூன்று குரல்கள் வேறு வார்த்தைகளைப் பாடுகின்றன. இரண்டு தேவதூதர்களும், அவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்ட ஆன்மாவும். இந்த மூவரையும் தள்ளித் தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று ஷூட்ஸ் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்.

அப்சலோம் பாட்டு போல இது அழவைக்காது. செத்தவர் எங்கே போனார் என்ற கேள்விக்கு, இதோ, அந்தப் பக்கம் என்று காதாலேயே திசை காட்டும். இளம் வயதில் வெனிஸில் பகட்டுக்காகக் கற்றதை, இங்கே ஒரு சாவு வீட்டின் ஆறுதலுக்குப் பயன்படுத்திவிட்டார் மனுஷன். நல்ல ஒலிப்பதிவில் நான் இயர்போனில் முதன்முதலில் இதைக் கேட்டபோது, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். தேவாலயத்தில் நேரில் கேட்டால் எப்படியிருக்கும், யோசியுங்கள்.

ஓய்வு கேட்ட கிழவர்

1648-ல் போர் முடிந்தது. அந்த வருஷமே ஷூட்ஸ் லைப்சிக் நகரத்துக்கும் அதன் புகழ்பெற்ற பாடகர் குழுவுக்கும் ஒரு தொகுப்பைச் சமர்ப்பித்தார். ஐந்து முதல் ஏழு குரல்களுக்கான பாட்டுகள். ஆடம்பரம் இல்லை, இலக்கணம் சுத்தம். இளைஞர்கள் அடிப்படையைச் சரியாகக் கற்றுக்கொண்ட பிறகு புதுமைக்குப் போகட்டும் என்பது ஆசிரியராக அவருடைய கவலை.

1650-ல் வந்த தொகுப்பில், பவுலாக மாறுவதற்கு முன் சவுல் தமஸ்கு போகும் வழியில் கேட்ட குரலைப் பற்றி ஒரு பாட்டு. மூன்று, நான்கு நிமிஷம்தான். பூமிக்கு அடியிலிருந்து வருவது போல இரண்டு கனத்த குரல்கள் அந்தப் பெயரை முணுமுணுக்கும். பிறகு கொஞ்சம் மேலே இரண்டு குரல்கள், அதற்கும் மேலே இரண்டு. திடீரென்று எல்லாக் குழுவும் சேர்ந்து வெடிக்கும். அடுத்து எதிரொலி, எதிரொலியின் எதிரொலி, அப்புறம் மௌனம். போன் ஸ்பீக்கரில் போட்டால் ஆரம்பமே கேட்காது. அந்தத் தாழ்ந்த சுரங்களை அந்தத் துளை விழுங்கிவிடும்.

போர் முடிந்தாலும் சம்பளம் வரவில்லை. 1651-ல், 65 வயதில், தன் வாழ்க்கைக் கதையை நீளமாக எழுதி, எனக்கு ஓய்வு கொடுங்கள் என்று ஆட்சியாளரிடம் விண்ணப்பித்தார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். தனக்காக மட்டும் எழுதவில்லை. தன் குழுவில் இருந்த நல்ல கனத்த குரல் பாடகர் ஒருவர் உடுத்தும் துணியைக்கூட அடகு வைத்துவிட்டுப் படுக்கையும் இல்லாமல் கிடக்கிறார் என்று முறையிட்டுக் கடிதம் எழுதினார். அவர்களுக்குத் தன் கைக்காசையும் கொடுத்தார். 1655-ல் இரண்டாவது மகள் யூஃப்ரோசினேவும் இறந்தாள். குடும்பத்தில் மனைவி, மக்கள் யாருமே மிச்சமில்லை.

1656-ல் பழைய ஆட்சியாளர் இறந்து மகன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் ஷூட்ஸுக்கு ஓய்வு கிடைத்தது. அதுவும் பாதி ஓய்வுதான். பதவிப் பெயரும் விசேஷ நாள் பொறுப்பும் கூடவே வந்தன. சின்ன வயதில் வளர்ந்த வைசன்ஃபெல்ஸ் ஊரில் குடியேறினார். எண்பது வயதில் இயேசுவின் பாடுகளை மூன்று சுவிசேஷங்களின்படி எழுதினார். அதில் ஒரு கருவிகூடக் கிடையாது. வெறும் மனிதக் குரல்.

காது மங்கிய பிறகு

கடைசி வருஷங்களில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கோயிலுக்குப் போனாலும் பிரசங்கம் கேட்காது என்பதால் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில், 1671-ல், 85 வயதில் கடைசிப் படைப்பை முடித்தார். பைபிளிலேயே நீளமான அத்தியாயமான 119-ஆம் சங்கீதம், 176 வசனங்கள், முழுவதும். கூடவே 100-ஆம் சங்கீதமும் மரியாளின் பாட்டும்.

எத்தனை குழுவுக்கு எழுதினார் தெரியுமா? இரண்டு. டிரெஸ்டன் அரண்மனைக் கோயிலில் பலிபீடத்துக்கு மேலே எதிரெதிரே இருக்கும் இரண்டு மாடங்களில் நின்று பாட வேண்டும் என்பது அவர் ஆசை. 24 வயதில் வெனிஸில் பார்த்த அதே ஏற்பாடு! இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். எதிரெதிரே வந்து போகும் அந்தக் குரல்களை அவர் மனசுக்குள் மட்டும்தான் கேட்டிருப்பார்.

1672 நவம்பர் 6-ல் டிரெஸ்டனில் காலமானார். வயது 87. பழைய ஃபிரௌவன் கிர்ஷே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1727-ல் அந்தக் கோயிலையே இடித்தபோது கல்லறையும் போய்விட்டது. கையெழுத்துப் பிரதிகளில் பல 1760-ல் டிரெஸ்டனிலும் 1794-ல் கோபன்ஹேகனிலும் தீயில் போயின. கடைசிப் படைப்பின் ஒன்பது புத்தகங்களில் ஆறு மட்டும் 1900-ல் குபன் என்ற ஊரில் கிடைத்து, மறுபடி காணாமல் போய், 1970-களில் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தன. காணாத குரல்களை வோல்ஃப்ராம் ஸ்டாய்டே என்ற ஆய்வாளர் எழுதி நிரப்பி, 1984-ல் அச்சில் வந்தது. எழுதி முடித்து 300 வருஷத்துக்குமேல் கழித்து!

நீங்கள் எப்படிக் கேட்கலாம்?

வாழ்க்கை வரிசையில் கேட்காதீர்கள். காதுக்கு ஏற்ற வரிசை வேறு.

முதலில் சிறிய ஆன்மிகக் கச்சேரிகள். இயர்போனில், ஒரு நாளைக்கு ஒன்று. அதிகம் போனால் ஐந்து நிமிஷம். பாட்டு வரிகள் பெரும்பாலும் பைபிளிலிருந்து வருவதால், எந்த வசனம் என்று பார்த்துத் தமிழ் பைபிளில் ஒரு முறை வாசித்துவிட்டுக் கேளுங்கள். எந்தச் சொல்லில் குரல் தயங்குகிறது என்று கவனித்தாலே பாதி இசை புரிந்துவிடும்.

அடுத்து அப்சலோம். அப்புறம் சவுல். இதற்கு நல்ல ஹெட்போனோ, வீட்டில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். அதன் பிறகு இறுதிச்சடங்கு இசை. கடைசியில்தான் 1619-ன் தாவீதின் சங்கீதங்கள். இந்த முறை அது இரைச்சலாகத் தெரியாது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று உங்கள் காது தானாகவே பிரித்துக்கொள்ளும்.

எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால், ஹான்ஸ்-கிறிஸ்டோஃப் ராடெமான் தலைமையில் டிரெஸ்டன் சேம்பர் கொயர் ஷூட்ஸின் படைப்புகள் மொத்தத்தையும் பல வருஷம் எடுத்துப் பதிவு செய்து 2019-ல் முடித்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம். பிபிசி ரேடியோ 3-ல் பழங்கால இசைக்கென்றே தனி நிகழ்ச்சி உண்டு. வானொலியில் நேரடி ஒலிபரப்பு கிடைத்தால் விடாதீர்கள். பாட்டு தொடங்கும் முன் கூட்டம் இருமி அடங்குவதும், முடிந்த பிறகு கடைசிச் சுரம் கட்டடத்துக்குள் கரைவதும் அதில்தான் கேட்கும்.

ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்களா? டிரெஸ்டனின் கிராய்ட்ஸ் கிர்ஷே தேவாலயத்தில் சனிக்கிழமை மாலை வழிபாட்டில் சிறுவர் பாடகர் குழு பாடும் மரபு உண்டு. லைப்சிக்கின் தாமஸ் தேவாலயத்தில் வெள்ளியும் சனியும். போகும் முன் இணையதளத்தில் அந்த வாரம் என்ன பாட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் போனால், அவர் வாழ்ந்த ஊர்களில் ஷூட்ஸ் பெயரிலேயே வருஷா வருஷம் இசை விழா நடக்கிறது. நேரில் கேட்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். பாடகர்களைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் நடுவில் கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்கள். எந்தத் திசையிலிருந்து யார் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இன்றைக்கு ராத்திரி அந்தச் சோதனையின் இரண்டாவது பாட்டை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். ஒரு குரல், ஓர் ஆர்கன். பாட ஆளில்லாத ஒரு வருஷத்தில், இருக்கிற ஒருவருக்காவது எழுதுவோம் என்று உட்கார்ந்த ஒரு மனிதரின் வேலை அது.